புகை எப்போது வருகிறது?

பழைய கார் வாங்கப்போகிறவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டால் நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். நாங்கள் போய்ச் சேரும்வரை அந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. "காலையிலயே கழுவி ஒரு ரவுண்டு ஓட்டி ரெடியா வச்சிருக்கேனுங்க" என்று விற்பவர் சொன்னால், "பரவால்லீங்க, நாளைக்கு விடியக்காலம் வர்றோம், அதுவரைக்கும் தொடாம வைங்க" என்று சொல்லித் திரும்பிவிடுவேன். பானெட்டைத் தூக்கி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டாலே தெரிந்துவிடும். அது வெதுவெதுப்பாக இருந்தால் நான் பார்க்க வந்தது ஏற்கெனவே போய்விட்டது.

இரவு முழுக்க நின்ற இன்ஜினில் வால்வுத் தண்டு வழியாக ஆயில் சொட்டியிருக்கும். ஹெட் கேஸ்கட்டில் மயிரிழை வழி இருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்திருக்கும். சூடு ஏறினதும் உலோகம் விரிந்து இடைவெளிகள் அடைபடும். அதனால் குளிர்ந்த இன்ஜினின் முதல் அரை நிமிடம் சொல்வதை அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கேட்க முடியாது.

எனக்குப் பட்டறை மேட்டுப்பாளையத்தில். ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இறங்கும் வண்டிகள் முதலில் மூச்சு விடும் ஊர் இது. புகை, மிஸ்ஸிங், பிக்கப் இல்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் மலை வண்டிகள்தான். எந்தக் கருவியும் தராத தகவலை இந்த மலைப்பாதை எனக்குத் தந்திருக்கிறது. ஏற்றத்தில் ஓர் இன்ஜின் ஒரு மாதிரி நடந்துகொள்கிறது, இறக்கத்தில் வேறு மாதிரி. பழுது எதில் என்பது அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

நீலம் என்றால் ஆயில், வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். தப்பில்லை. ஆனால் நிறம் சொல்வது எது எரிகிறது என்பதை மட்டும்தான். அது எங்கிருந்து வருகிறது என்பதைப் புகை வரும் நேரம் சொல்லும். நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இன்ஜின் வேலை இருக்குங்க" என்று சொல்லிவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அதனால் வண்டி வாங்கிய காசுக்குச் சமமாக ரிப்பேருக்கும் செலவழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பழைய கார் வாங்குகிறவர் பெரும்பாலும் சேமித்த பணத்தில் வாங்குகிறவர். குடும்பத்தோடு மழையில் நனையாமல் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஹெட்டை இறக்கலாமா வேண்டாமா என்ற முடிவை அவர் நம்மிடம் ஒப்படைக்கிறார். அதைத் தெரியாமல் எடுக்கக்கூடாது.

நீலப் புகையை எடுத்துக்கொள்வோம். குன்னூரிலிருந்து இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்குகிறோம். கார்ப்பரேட்டரின் திராட்டில் மூடியிருக்கிறது, சக்கரமோ இன்ஜினைச் சுற்றுகிறது. பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் பார்க்கின்றன, காற்று கிடைப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் கடுமையாக ஏறுகிறது. வால்வு சீல் காய்ந்திருந்தாலோ வால்வு கைடு தேய்ந்திருந்தாலோ, ஹெட்டின் மேலிருக்கும் ஆயிலை அந்த வெற்றிடம் தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் உறிஞ்சும். இறக்கம் முழுக்க அப்படிச் சேர்ந்த ஆயில், கல்லாறு தாண்டிச் சமதளத்தில் காலை அழுத்தின கணத்தில் மொத்தமாக எரிந்து பின்னால் நீல மேகமாக எழும். பின்னால் வரும் பைக்காரர் ஒதுங்கிக்கொள்வார். பத்து விநாடியில் நின்றுபோகும்.

ரிங் தேய்ந்த இன்ஜினின் புகை இப்படி வராது. அது ஏற்றத்தில் வரும். பாரம் கூடக்கூடச் சிலிண்டர் சுவரில் ரிங் வழித்தெடுக்காமல் விட்ட ஆயில் எரியும். பர்லியாறு தாண்டி வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து ஏறும்போது கண்ணாடியில் நீலம் விடாமல் தெரியும். கூடவே எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவதால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை மூச்சு மூச்சாக வெளியே தள்ளும். மூடியைத் திறந்து மேலே சாய்த்து வைத்தால் அது துள்ளும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து, பிறகு இல்லை என்றால் சீல். இறக்கம் முடிந்ததும் வந்தால் சீல் அல்லது கைடு. ஏற்றத்தில் இடைவிடாமல் வந்தால் ரிங், போர். மலை இல்லாத ஊர்க்காரர்கள் சமதளத்திலேயே சோதிக்கலாம். சூடான இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, சட்டென்று ரேஸ் செய்யுங்கள். அப்போது மட்டும் நீலம் வந்து மறைந்தால் மேலே உள்ள வேலை, கீழே உள்ள வேலையல்ல.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கார்ப்பரேட்டர் மாடல் மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். வேறோர் இடத்தில் போர் அடித்து பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "பென்சன் காசுல வாங்குனதுங்க தம்பி. வித்துரலாமா, வேலை பாக்கலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். ஏறும்போது புகை வருமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "ஏறும்போது இல்லீங்க, எறங்கி முடிச்சதும்தான்" என்றார். அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதியை கம்ப்ரெஷன் கேஜ் முடித்தது. மூன்று சிலிண்டரும் 160 பிஎஸ்ஐ பக்கத்தில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல் நின்றன. அந்த முள் அங்கே நிற்கும்போது போரைத் தொட எந்த நியாயமும் இல்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தால் சீல்கள் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிப்போயிருந்தன. சீல் மாற்றி, வால்வு கிரைண்டிங் செய்து மூட்டினோம். பிஸ்டன் அதே பிஸ்டன்.

கம்ப்ரெஷன் பார்ப்பதிலும் முறை உண்டு. இன்ஜின் சூடாக இருக்கவேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கவேண்டும், எல்லா பிளக்கையும் கழற்றவேண்டும், காயில் ஒயரைப் பிரித்து வைக்கவேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்திருக்கவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். திராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது. நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரி அளவு காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பேன். முள் ஏறினால் ரிங். ஆயில் தற்காலிகமாக அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கிறது.

இந்த முள்ளை மலைமேல் வைத்துப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். மலை ரயிலின் பாதையில் மேட்டுப்பாளையம் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், உதகமண்டலம் 2,203 மீட்டர். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே 160 காட்டும் இன்ஜின் ஊட்டியில் 130-ஐ ஒட்டித்தான் காட்டும். வேக்குவம் கேஜும் அப்படியே. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் இறங்கும். இங்கே 18, 19 அங்குலத்தில் ஆடாமல் நிற்கும் முள், மேலே 12, 13-இல் நிற்கும். கீழ்நாட்டுப் புத்தக அளவை வைத்துக்கொண்டு ஊட்டியில் ஓர் இன்ஜினைத் தேய்ந்தது என்று தீர்ப்பளித்துவிடலாம். அப்படித் தீர்ப்பான வண்டிகள் இறங்கி வந்து இங்கே சரியான அளவு காட்டியிருக்கின்றன. இப்போதெல்லாம் மேலிருந்து யாராவது கேஜ் அளவை போனில் சொன்னால், எந்த ஊரில் வைத்து எடுத்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.

நீலப் புகைக்கு ஹெட்டைத் தொடுமுன் பார்க்கவேண்டிய இடம் இன்னொன்று உண்டு, பிரீதர். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் குழாயும் பிசிவி வால்வும் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் போகக்கூடாத வழியெல்லாம் போகும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் ஆயில் குளம் கட்டியிருக்கும். வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கழுவுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே புகை வரும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமலேயே ரிங் வரைக்கும் பேசிவிடுகிறோம்.

டிப்ஸ்டிக் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். விற்பதற்கு முந்தின நாள் கெட்டியான ஆயிலோ, தேன்போல் ஒட்டும் மருந்தோ ஊற்றினால் புகையும் டேப்பட் சத்தமும் சில நாள் அடங்கிவிடும். நல்ல ஆயில் டிப்ஸ்டிக் நுனியிலிருந்து சொட்டும். இது நூல் இழுக்கும். குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் ஒளிக்க முடியாது.

வெள்ளைப் புகைக்கு வருகிறேன். ஊட்டியில் மார்கழிக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் விடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் அது ஆவியாகத் தெரியும், துளித்துளியாகச் சொட்டவும் செய்யும். இன்ஜின் சூடேறினதும் நின்றுவிடும். குன்னூரில் வீடு வாங்கிக் குடிபோன சமவெளிக்காரர்கள் முதல் குளிர்காலத்தில் இதைப் பார்த்துப் பதறிப்போய் வருவார்கள். ஆயில் மூடியின் அடியில் பால்போல் படிந்திருப்பதும் அவர்களைப் பயமுறுத்தும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்த ஈரம் வெளியேற நேரமில்லாமல் மூடியில் படிந்துகொள்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் கவலையில்லை.

கவலைப்படவேண்டிய வெள்ளை வேறு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அது நிற்காது. கூலன்ட் ஊற்றிய வண்டியானால் லேசான இனிப்பு வாடை இருக்கும். ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். வெளியே எங்கும் ஒழுகல் இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் உதறி, பிறகு சேர்ந்துகொள்ளும். அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் மற்றவை பழுப்பாக இருக்க, இது மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். சூட்டில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்துபோனவர்களை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஹெட்டை இறக்கினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூட்டுவது அரைவேலை. ஸ்கேலை வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கவேண்டும். நுழைந்தால் லேத்துக்கு அனுப்பி ஃபேசிங். அதற்கு முன்னால், வண்டி ஏன் கொதித்தது என்பதற்கு விடை தெரிந்திருக்கவேண்டும். ஃபேன் சுவிட்சா, தெர்மோஸ்டாட்டா, அடைத்த ரேடியேட்டரா? அது தெரியாமல் போட்ட கேஸ்கட் அடுத்த ஏற்றத்திலேயே போகும்.

கறுப்புப் புகை கார்ப்பரேட்டர் காலத்தில் மலையின் புகையாகவே இருந்தது. இங்கே டியூன் செய்த வண்டி மேலே போனால் காற்று மெலிந்து, அதே ஜெட்டில் வரும் பெட்ரோல் அதிகமாகிவிடும். பிளக்கில் உலர்ந்த கரி படியும், இழுவை குறையும். அங்கே சரிசெய்த வண்டி இறங்கி வந்தால் பெட்ரோல் போதாமல் ஐட்லிங்கில் நடுங்கும். இரண்டு ஊருக்கும் போய்வருகிற வண்டிக்கு நடுவாந்திரமாக ஒரு செட்டிங் வைப்போம். சோக் கேபிள் முழுக்கத் திரும்பாமல் நின்றதாலும் ஏர் ஃபில்டரில் தோட்டத்துச் செம்மண் அப்பியதாலும் வந்த கறுப்பும் நிறைய.

2000-க்குப் பிறகு எம்பிஎஃப்ஐ வண்டிகள் பெருகியதும் மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனி டியூனிங் தேவையில்லாமல் போயிற்று. காற்றழுத்தத்தைச் சென்சார் அளந்து பெட்ரோலைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் புதுவிதமான ஏமாற்றம் ஒன்று வந்து சேர்ந்தது. உதறலும் கறுப்புப் புகையும் ஒன்றாக வரும் வண்டி அது. ஸ்கேனரைப் போட்டால் ஆக்ஸிஜன் சென்சார் பெயரில் கோடு காட்டும், சென்சாரை மாற்றுவார்கள், மறுவாரம் அதே கோடு. நடப்பது இதுதான்: ஒரு சிலிண்டரில் பிளக்கோ ஒயரோ பழுதாகித் தீப்பொறி விழவில்லை. அந்தச் சிலிண்டருக்குள் போன காற்று எரியாமல் அப்படியே சைலன்சருக்கு வருகிறது. சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்ஸிஜனைத்தான் அளக்கிறது. ஆக்ஸிஜன் நிறைய இருப்பதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. கம்ப்யூட்டர் எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. நல்ல சிலிண்டர்களும் கரி கக்குகின்றன. சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே கதை. ஆகவே புகையும் உதறலும் சேர்ந்து வந்தால் உதறலை முதலில் தீர்க்கவேண்டும். புகை பாதி நேரம் தானாகவே போய்விடும்.

உதறலைப் பிடிக்க ஐட்லிங்கில் ஒவ்வொரு பிளக்கின் ஒயராக எடுத்துப் பார்ப்பது பழைய வழி. ஒயரை எடுத்ததும் இன்ஜின் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. எடுத்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் படுத்திருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இதை ஓரிரு விநாடிக்கு மேல் செய்யக்கூடாது. எரியாத பெட்ரோல் உள்ளே போய்ப் பழுக்கக் காய்ச்சிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் எனக்குப் பிடித்த சோதனை. கசியும் ஒயர் நீலப் பொறியாகக் கண்ணுக்குத் தெரியும். இன்டேக்கில் காற்று இழுக்கிறதா என்று பார்க்கச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். அதை நான் பட்டறையில் அனுமதிப்பதில்லை. ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து மறுநுனியை மேனிஃபோல்டைச் சுற்றிக் கொண்டுபோனால் உஸ் என்ற சத்தம் இடத்தைச் சொல்லிவிடும். பிரேக் பூஸ்டர் ஹோஸைப் பிளையரால் நசுக்கிப் பிடித்ததும் ஐட்லிங் சரியானால் வேறெதையும் கழற்றவேண்டியதில்லை.

மூன்று சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் நடுக்கம் பிறவியிலேயே உண்டு. இன்ஜின் மவுண்ட் ரப்பர் அமுங்கிவிட்டால் அந்த நடுக்கம் ஸ்டீயரிங் வரை வரும். மிஸ்ஸிங் என்று சொல்லி வந்த வண்டிகளில் மவுண்ட் மாற்றியதோடு திரும்பிப் போனவையும் உண்டு.

பிளக்கைப் படிப்பது நான் தொழில் கற்ற காலத்தில் இன்னும் எளிது. அப்போது பெட்ரோலில் ஈயம் இருந்தது. நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் சாம்பல் கலந்த பழுப்பில் அழகாக இருக்கும். 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. அதன்பின் அதே நல்ல இன்ஜினின் பிளக் வெளிறிப்போய்த் தெரிய, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துப் பலர் கார்ப்பரேட்டரைத் திறந்துவிட்டார்கள். இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல். பழைய கார்ப்பரேட்டரின் ரப்பர், கேஸ்கட்டுகள் ஊறி உப்புகின்றன, டாங்கியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கு கிளம்பி ஃபில்டரை அடைக்கிறது. பழைய வண்டி வாங்கியதும் பெட்ரோல் ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். செலவு குறைவு, தீ ஆபத்து போய்விடும்.

டீசல் பற்றிச் சுருக்கமாக. குளிரில் கண் எரியும் வெள்ளைப் புகை வந்தால் அது தண்ணீரல்ல, எரியாத டீசல். ஹீட்டர் பிளக்கையும் நாசிலையும் பாருங்கள். பாரம் ஏற்றினால் கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர், நாசில், அதன் பிறகே பம்ப். பழைய அம்பாசடர், ஜீப்புகளில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் படுத்த சிலிண்டரைக் கண்டுபிடிப்போம். காமன் ரயில் வண்டியில் அதைச் செய்ய நினைக்கவே கூடாது. அதன் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து ரத்தத்துக்குள் போய்விடும். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வரும் டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ் என்பது வரம்பு. அதில் தேறுவதற்காகப் பம்பைக் குறைத்துவைத்து, சான்றிதழ் வாங்கியதும் மறுபடி கூட்டுவார்கள். நாசிலைச் சரியாகச் சர்வீஸ் செய்தால் இரண்டுமே தேவைப்படாது.

புகையைச் சோதிக்கும்போது ஷெட்டின் கதவு திறந்திருக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. என்னிடம் தொழில் பழகும் பையன்கள் சைலன்சருக்குப் பின்னால் குனிந்து மோந்து பார்க்கப்போனால் பிடித்து இழுத்துவிடுவேன். பக்கவாட்டில் நின்று கையால் விசிறிப் பார்த்தால் போதும்.

வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது உரிமையாளரிடம் ஒன்றைத் தவறாமல் சொல்லிவிடுகிறேன். ஆயில் குடித்த வண்டியின் சைலன்சருக்குள் பழைய ஆயில் ஊறிக் கிடக்கும். புது சீல் போட்ட மறுநாளும் அது சூட்டில் காய்ந்து புகையத்தான் செய்யும். இதைச் சொல்லாவிட்டால், செய்த வேலை வீண் என்று நினைத்து வேறு பட்டறைக்குப் போவார். அங்கே இன்ஜினை மறுபடி பிரிப்பார்கள். அதனால் சைலன்சரைப் பார்க்காதீர்கள் என்று சொல்கிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.